அலெக்சாந்திரியாவின் தெற்கு வாசல்

அலெக்சாந்திரியாவில் நடந்த ஒரு சிறு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டுத் தில்லி திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. இந்தியப் பெருங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையிலான பண்டைய தொடர்புகளே கருத்தரங்கின் பொருள். திரும்பிய நாள்முதல் நண்பர்களும் இளைய ஆய்வு மாணவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே தமிழ் எழுத்தைப் பார்த்தீர்களா?" இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிகிறது. எகிப்தில் தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறது என்பதைச் செய்தித்தாள் வழியாக எல்லாரும் அறிந்திருக்கிறோம். எகிப்து என்றதும் நினைவுக்கு வரும் துறைமுகம் அலெக்சாந்திரியா. ஆகவே இரண்டையும் மனம் தானாக இணைத்துவிடுகிறது. அப்படி இணைக்கக் கூடாது என்பதையும், இணைக்காமல் விட்டால் நமக்குக் கிடைப்பது இன்னும் சுவையான வரலாறு என்பதையும் சொல்வதற்கே இந்த நெடும்பதிவு.

முதலில் பானையோடுகள். செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-கதிம் என்னும் இடத்தில், பழைய மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்தில், அமெரிக்க அகழாய்வாளர்கள் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ் பிராமி எழுத்துள்ள இரண்டு ஓடுகளைக் கண்டெடுத்தனர். கணன், சாதன் என்னும் ஆட்பெயர்கள் அவற்றில் உள்ளன. பின்னர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழுவினர் அதே இடத்தில் ஒரு சேமிப்புச் சாடியின் உடைந்த பகுதியைக் கண்டனர். அதில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது நம் உறிதான். தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 1995இல் கிடைத்த ஓட்டில் கொறன் என்னும் ஒரு தலைவனின் பெயர் இருக்கிறது. பெயர், பாத்திரம், உறி: இவ்வளவுதான் இவை சொல்வது. அரசனின் மெய்க்கீர்த்தியோ வெற்றிச் செய்தியோ ஒன்றும் இல்லை. எழுதத் தெரிந்த, தன் சாடியைப் பிறர் சாடியிலிருந்து பிரித்தறிய வேண்டியிருந்த மனிதர்கள் எழுதியவை அவை. வணிகன் ஒருவன் தன் பெயரைத் தானே எழுதக் கற்றிருந்தான் என்பது எனக்கு எந்த மெய்க்கீர்த்தியையும்விடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

ஆனால் பெரெனிகேயிலிருந்து அலெக்சாந்திரியா நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. நம் எழுத்து அலெக்சாந்திரியாவை எட்டும் முன் நின்றுவிடுகிறது. மிளகு நிற்கவில்லை. பெரெனிகேயின் செராப்பிஸ் கோயில் பகுதியில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. அதைப் போன்ற சாடிகளில் வந்த மிளகு தொடர்ந்து வடக்கே சென்று உரோமாபுரியின் சமையற்கட்டு வரை போயிற்று. சரக்கு கடந்த எல்லையைப் பெயர்கள் கடக்காதது ஏன்? கருத்தரங்கு நடந்த நான்கு நாளும் என் மனத்தில் ஓடியது இந்தக் கேள்விதான்.

விடையின் ஒரு பகுதி நகரத்தின் நிலவியலில் இருக்கிறது. இன்று அலெக்சாந்திரியாவுக்குப் போகும் எவரும் வடக்கே பார்த்துதான் நிற்கிறார்கள். கடற்கரைச் சாலை, அலை, பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் காயித்பே கட்டிய கோட்டை, 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகம் என்று எல்லாமே கடலை நோக்கியவை. நானும் முதல் மாலை அங்கேதான் நின்றேன். ஆனால் தமிழகத்துச் சரக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. நகரத்தின் தென்புறம் மரியோட்டிஸ் ஏரி இருக்கிறது. நைல் ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் அதில் வந்து சேர்ந்தன. ஏரித் துறைமுகம் கடல் துறைமுகத்தைவிடச் செல்வம் மிக்கது என்று ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். காரணம் எளிது: உள்நாட்டிலிருந்தும் செங்கடலிலிருந்தும் வந்த அனைத்தும் அங்கேதான் இறங்கின. பெரெனிகேயில் இறக்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்து நைல் கரையில் உள்ள கோப்டோஸ் நகரை அடையப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார் பிளினி. அங்கிருந்து படகில் ஆற்றோடு வடக்கே. மிளகு அலெக்சாந்திரியாவுக்குள் நுழைந்தது தெற்கு வாசல் வழியாக. கடல் பக்கம் அது வெளியேறிய வாசல்.

அந்தப் பாலைவனப் பாதையைச் சும்மா கடந்துவிட முடியாது. கி.பி. 90ஆம் ஆண்டைச் சேர்ந்த கோப்டோஸ் கட்டணக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாதையில் செல்வோர் யார் யார், எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற பட்டியல் அது. மாலுமிக்கு ஐந்து திராக்மா. பரத்தைத் தொழிலுக்காக வரும் பெண்ணுக்கு நூற்றெட்டு. ஒட்டகச் சீட்டுக்கு ஓர் ஓபல். சாலையில் மனிதர்களை இப்படித் தொழில்வாரியாக விலை போட்டு வைத்திருந்த ஓர் ஆட்சியில், சரக்கை இறக்கிய அயல்நாட்டு வணிகன் மேலும் வடக்கே போக வேண்டிய கட்டாயம் என்ன? பருவக்காற்றைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். கப்பலோடு திரும்புவதே அவனுக்கு இலாபம். இது என் ஊகம்தான், ஆனால் காற்றின் கணக்கு ஊகம் அன்று. இதை எழுதும்போது ஓர் இடைக்குறிப்பு தோன்றுகிறது: கருத்தரங்குக்கான விசா எனக்குக் கிடைக்க எடுத்துக்கொண்ட நாள்களில் பெரெனிகே ஒட்டகம் கோப்டோசுக்குப் போய்த் திரும்பி மறுபடியும் போயிருக்கும்.

எல்லையைக் கடந்தபின் சரக்கு யாருடையது என்பதற்கு நம்மிடம் ஓர் அரிய ஆவணம் இருக்கிறது. முசிறிப் பாப்பிரஸ் என்று நாம் அழைக்கும் அந்தத் தாள், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகம் அதை 1980இல் வாங்கியது. ஹாராவரும் சைப்பெஸ்தைனும் 1985இல் பதிப்பித்தனர். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம் தொடர்பான வாசகம்: சரக்கைச் செங்கடலிலிருந்து நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பேன், காவலோடு கோப்டோசுக்குக் கொண்டுபோவேன், அங்குள்ள வரிக் கிடங்கில் உன் முத்திரையோடு வைப்பேன், ஆற்றில் ஏற்றி அலெக்சாந்திரியாவின் கால்பங்கு வரிக் கிடங்கில் மீண்டும் உன் முத்திரையின் கீழ் வைப்பேன் என்று கடன் வாங்கியவன் உறுதி சொல்கிறான். சொற்கள் என்னுடையவை, பொருள் தாளில் உள்ளது. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சில் அறுபது பெட்டி, யானைத் தந்தம், தந்தத் துண்டுகள். கூட்டுத் தொகை 1,154 தாலந்துக்கும் மேல். ஒரு தாலந்து 6,000 திராக்மா என்பதால் ஏறத்தாழ எழுபது இலட்சம் திராக்மா. மேலே சொன்ன மாலுமியின் ஐந்து திராக்மாவை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

முசிறி என்னும் ஊர்ப்பெயர் அத்தாளில் இருக்கிறது. முசிறிக்காரர் எவர் பெயரும் எஞ்சிய பகுதியில் இல்லை. முத்திரை மூலதனம் தந்தவனுடையது. கப்பலின் பெயர் கிரேக்கம். வரி உரோமப் பேரரசுக்கு. சங்கச் செய்யுள் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததைக் கரையில் நின்று பார்த்துப் பாடியது. அந்தப் பொன் எங்கிருந்து, எவ்வளவு வட்டிக்கு, எந்த நிபந்தனையில் வந்தது என்பது வேறொரு மொழியில், வேறொரு தாளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காத வணிக வரலாறு பாதி வரலாறுதான். "தமிழர் கடலை ஆண்டனர்" என்று எழுதும் நம் நண்பர்கள் அந்த மறுபாதியைத் தொடுவதே இல்லை. உரோமத் தங்கம் இந்தியாவுக்குக் கொட்டியது என்று பிளினியின் ஐந்து கோடி செஸ்தர்ஸ் புலம்பலை மட்டும் மேற்கோள் காட்டும் ஐரோப்பிய மரபும் இன்னொரு வகையில் அதே அரைகுறை. ஒரு கப்பலின் சரக்கே எழுபது இலட்சம் என்றால், அந்தப் புலம்பலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே தனி ஆய்வுக்கு உரியது.

இந்தியர் ஒருவரும் அலெக்சாந்திரியாவை எட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. தியோ கிரிசொஸ்தம் என்னும் சொற்பொழிவாளர் அந்நகர மக்களைக் கடிந்து ஆற்றிய உரை ஒன்றில், அவையில் பல நாட்டார் கலந்திருப்பதைச் சொல்லும்போது இந்தியர் சிலரும் இருப்பதாகக் குறிப்பிடுகிறார். அவர்கள் தமிழரா, பரூகச்சத்தைச் சேர்ந்தவரா என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரிய வழியில்லை. சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் கிடைத்த ஏராளமான இந்தியக் கிறுக்கல்களில் பெரும்பாலானவை மேற்கு இந்தியாவைச் சேர்ந்தவர்கள் எழுதியவை. பெரெனிகேயிலேயே புத்தர் சிலையும், 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் பிலிப்புவின் காலத்தில் வாசுலன் என்னும் க்ஷத்திரியன் வைத்த சமற்கிருதக் கல்வெட்டும் கிடைத்துள்ளன. அந்தத் துறைமுகத்தில் நாம் இருந்தோம். நாம் மட்டும் இல்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். அலெக்சாந்திரியாவில் தமிழ் எழுத்து இல்லை. ஆனால் தமிழ் ஒலி இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 150இல் அந்நகரில் இருந்து எழுதிய தாலமி, மதுரையைப் பாண்டியோனின் அரசிருக்கை என்றும், கரூரைக் கேரொபோத்ரோஸின் அரசிருக்கை என்றும் பதிவு செய்தார். அவர் இங்கு வந்ததில்லை. வந்து போனவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன், எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளுஸும் அவ்வாறே நம் ஊர்களைப் பதிவு செய்கிறது. இந்தப் பெயர்களைக் கூர்ந்து கேட்டால் அவை இரு வழிகளில் வந்திருப்பது தெரியும். கேரொபோத்ரோஸ் என்பது சேரல், சேரமான் என்னும் தமிழ் வடிவிலிருந்து வர முடியாது. அது அசோகனின் கல்வெட்டுகளில் உள்ள கேரளபுத்ர என்னும் பிராகிருத வடிவத்தின் நிழல். அரசர் பெயர்கள் ஆட்சி மொழியின் வழியாக, ஓர் இடைத்தரகரைக் கடந்து வந்தன. துறைமுகப் பெயர்கள் அப்படியல்ல. அவை மாலுமியின் காதில் நேரடியாக விழுந்தவை.

என் கட்டுரையின் மையம் இதுதான். தமிழில் வல்லெழுத்து ஒன்றே. ஆனால் அது நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் குழைந்து ஒலிக்கும். இரட்டிக்கும்போது வன்மையாகவே இருக்கும். இந்த மாற்றத்தைத் தமிழ் எழுத்து காட்டாது. கிரேக்க எழுத்து காட்டியாக வேண்டும், ஏனெனில் அதில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. முசிறியின் சகரத்தை அவர்கள் சிக்மாவால் எழுதாமல் ஒலிப்புடைய ஸீட்டாவால் எழுதினர். தொண்டியின் டகரத்துக்குத் தௌ இல்லை, டெல்டா. இனி குட்டநாட்டைப் பாருங்கள். மிளகு விளைந்த அந்த நாட்டைப் பிளினி கொட்டொனரா என்கிறார். பெரிப்ளுஸ் கொட்டனரிகே என்கிறது. குட்ட என்பதன் இரட்டை டகரம் வன்மை குறையாமல் நிற்கிறது. நாடு என்பதன் ஒற்றை டகரமோ, நாவை மடித்துத் தட்டும் அந்த ஒலி, ரகரமாகக் கேட்டிருக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்து இருவிதமாக ஒலித்ததைத் தமிழ் அறியாத ஒருவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பதிந்து வைத்திருக்கிறார். இன்று தில்லியில் என் இந்திக்கார நண்பர்கள் 'நாடு' என்பதைக் கேட்டு எழுதினாலும் இந்தக் குழப்பமே வரும்.

உயிரிடை வல்லொலி குழைவது புதிய கண்டுபிடிப்பு அன்று. கால்டுவெல் காலம்தொட்டு பேசப்படுவதுதான். ஆனால் அதன் காலத்தைப் பிற்காலத்துக்குத் தள்ளுவோருக்குக் கொட்டொனரா ஒரு தடை. கொற்கையை மட்டும் நான் அரைச் சான்றாகவே கொண்டேன். கிரேக்கர் அதைக் கொல்கோய் என்றனர். கொல் + கை என்பது புணர்ச்சியில் கொற்கை ஆகும் என்பதால், புணரும் முன்னிருந்த லகரத்தை இது காக்கிறது என்று சொல்ல ஆசை எழும். ஆனால் கொல்கோய் என்பது கருங்கடற்கரையில் வாழ்ந்த, கிரேக்கர் நன்கு அறிந்திருந்த ஒரு மக்களின் பெயரும்கூட. பழகிய பெயரின் அச்சில் புதிய பெயரை வார்த்துவிடுவது எல்லா மொழிக்கும் இயல்பு. பாண்டியோன் என்பதும் அவர்களுடைய பழங்கதையில் ஏதென்சு நகரத்து அரசன் ஒருவனின் பெயர்தான்.

எழுத்து செய்யும் விளையாட்டுக்கு இன்னொரு சான்று. பெரிப்ளுஸும் தாலமியும் நம் நாட்டை லிமிரிகே என்கின்றன. பியூட்டிங்கர் நிலப்படம் தமிரிகே என்கிறது. கிரேக்கப் பேரெழுத்தில் டெல்டா ஒரு முக்கோணம். அடிக்கோட்டை எடுத்துவிட்டால் அது லாம்டா. ஏதோ ஒரு படியெழுத்தாளர் ஒரு கோட்டைத் தவறவிட்டதால் தமிழகம் நூற்றாண்டுகள் பல லிமிரிகேயாக வாழ்ந்தது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம்.

சொற்களும் சரக்கைப் போலவே கைமாறி வந்தன. இஞ்சியைக் கிரேக்கர் ஸிங்கிபெரிஸ் என்றனர். அது பாலி மொழியின் சிங்கிவேர வழியாக வந்தது; அதன் அடியில் இருப்பது இஞ்சிவேர் என்பதன் பழைய, முதற் சகரம் இழக்காத திராவிட வடிவம். நம் சொல்தான், ஆனால் நாம் நேரே கொடுத்தது அன்று. அரிசியிலிருந்தே ஒரைஸா வந்தது என்று மேடைகளில் முழங்குவோர், அதற்கு ஈரானிய மொழிகள் வழியான விளக்கம் இருப்பதையும் ஒருமுறை படிக்கலாம். ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த கிரேக்க நகை நாடகத்தில் வரும் 'இந்திய' வசனங்களைக் கன்னடம் என்று 1904இல் ஹுல்ட்ஷ் எழுதியதிலிருந்து அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பார்வையாளரைச் சிரிக்க வைக்க எழுதிய பிதற்றலில் இலக்கணம் தேடுவது எனக்கு உவப்பானதாக இல்லை. கன்னட நண்பர்கள் பொறுத்தருள்க.

கருத்தரங்கின் கடைசி நாள் கோம் எல்-திக்காவுக்குப் போனோம். போலந்து அகழாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த, 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான விரிவுரைக் கூடங்கள் இருபது அளவில் அங்கே வரிசையாக நிற்கின்றன. மூன்று பக்கமும் கல் படிவரிசை, நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. எங்களில் ஒருவர் அந்த இருக்கைக்கு எதிரே நின்று, அங்கு எத்தனை மொழிக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தோன்றியது வேறு: அங்கு அமர்ந்தவர்கள் அனைவரும் கிரேக்கம் படித்தவர்கள். எங்கள் அமர்வில் தமிழும் கிரேக்கமும் இரண்டும் மூலத்தில் படிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் தமிழகத்திலிருந்தோ தில்லியிலிருந்தோ வந்தவர் எவரும் இல்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். அகராதி இல்லாமல் ஒரு வரி நகராது.

1964 சனவரியில் இதே தில்லியில், 26ஆவது கீழையியல் அறிஞர் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைக் கூட்டித் தனிநாயகம் அடிகள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு அடித்தளம் இட்டார். தமிழ்ச் சான்றுகளைப் பிற துறையினர் முன்வைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அது ஓரளவு நிறைவேறியது. வியன்னாவிலும் உரோமிலும் பாரிசிலும் நம் செய்யுள்களை மூலத்தில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். முசிறிப் பாப்பிரஸைப் பற்றி அண்மையில் விரிவான நூல் எழுதிய இத்தாலிய அறிஞர் தெ ரோமானிஸ் சங்கச் செய்யுள்களையும் சான்றாகக் கொள்கிறார். எதிர்த்திசைப் பயணம்தான் நடக்கவில்லை. நம் முதுகலைத் தமிழ், வரலாறு, மொழியியல் பாடத்திட்டங்களில் கிரேக்கத்துக்கோ இலத்தீனுக்கோ இடம் இருப்பதாக நான் அறிந்தவரை இல்லை. முசிறியைப் பற்றிய மிக நீண்ட வணிக ஆவணத்தை, முசிறியின் மொழியைப் பேசும் நாம் இன்னொருவரின் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். ஒரு சொல்லுக்குப் பொருள் 'துணி'யா 'தந்தத் துண்டா' என்று இருபது ஆண்டுகள் அவர்கள் வாதிட்டபோது, நம் பக்கத்திலிருந்து ஒரு குரலும் எழவில்லை.

தில்லியில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் நால்வர் சேர்ந்து, சனிக்கிழமை மாலைகளில் கிரேக்க எழுத்திலிருந்து தொடங்குகிறோம். இலக்கணம் ஓரளவு வந்ததும் பெரிப்ளுஸின் தென்னிந்தியப் பகுதியை மூலத்தில் படிப்பது திட்டம். அது நீண்ட பகுதி அன்று. வாரம் ஐந்து வரி என்றாலும் ஓர் ஆண்டில் முடியும். கட்டணம் இல்லை, முன்னறிவும் வேண்டாம். சேர விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள்.